நாற்பத்திரண்டு வெறுங்கூடுகள்

எனக்கு வந்தது வலிப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இழுப்பு என்பார்கள், காத்து என்பார்கள், 'அது வந்துச்சு' என்று கையைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றப்போவதில்லை. என் பெயர் பாக்கியம், வயது எழுபத்தொன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது. வலிப்பு வந்தவர்களும், வந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு பயந்துபோய் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

இருபத்தாறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. என் நிரையில் மரத்துக்குக் காயம் பட்டது என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் மரம் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், பிறகு அங்கே பால் ஒழுங்காக ஓடாது. என் மரங்களில் முடிச்சு கிடையாது. ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு ஒன்பது வருடம் உரம் போட்டேன். தோட்டம் மூடியதும் நானும் என் வீட்டுக்காரரும் சேமநிதிப் பணத்தில் ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. நான் அந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரே மகன் கதிரவன், ஷா ஆலாமில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அங்கே வந்துவிடுங்கள் என்று வருடா வருடம் கூப்பிடுவான். நான் போனதில்லை.

முதல் வலிப்பு போன வருடம் பங்குனியில் வந்தது. செமோர் பாசாரில் மீன் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று கட்டிப்பால் நாற்றம் அடித்தது. மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், உறைந்துபோன பாலைச் சேர்த்து மூட்டை கட்டி வைப்பார்களே, அந்த நாற்றம். தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், வேறு எதோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. மீன் கடையில் இது எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். நாக்கைக் கடித்திருந்தேன். சாரோங் நனைந்திருந்தது, அதைத்தான் முதலில் கவனித்தேன். மீன் விற்கும் சீனர் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து என் மேல் போட்டிருந்தார். எங்கள் தமிழாள் யாரோ என் உள்ளங்கையில் இரும்பைத் திணித்து விரலை மடக்கிப் பிடித்திருந்தார்கள். பார்த்தால் என் வீட்டுச் சாவி. என் பையிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்று தொடங்கியதுதான் காத்திருப்பு. மலாய் மிஸ்ஸி, நர்சைத்தான் சொல்கிறேன், நீட்டி முழக்கிக் கூப்பிடுவாள்: "பாக்கியம் ஆனாக் பெரம்புவான் முனியாண்டி." முனியாண்டியின் மகள் பாக்கியம் என்று அர்த்தம். எங்கப்பா செத்து நாற்பது வருடமாகிறது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குள் அவர் பெயரைக் கேட்ட அளவுக்கு, அதற்கு முன் பத்து வருடத்தில் நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தரமும் எழுந்து நிற்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்துத் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம் போடும். வலி கிடையாது. இன்னொன்று இ.இ.ஜி. தலைமயிரைப் பிரித்துப் பிரித்து இருபதுக்கு மேல் வயர்களைப் பசையால் ஒட்டி, மூளையில் ஓடும் கரண்டைக் கோடு கோடாக வரைவார்கள். கண் முன்னால் விளக்கை மினுக்குவார்கள், வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். இதற்கும் வலி கிடையாது, யாரும் பயப்படவேண்டாம். ஷாக் வைப்பார்கள் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பசை மயிரைவிட்டுப் போகாது. கதிரவன் அன்று சாயங்காலம் வாளியில் சுடுதண்ணீர் வைத்து, என்னைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒவ்வொரு கற்றையாகப் பிடித்து அலசினான். நாற்பத்தாறு வயது ஆம்பளைப் பிள்ளை.

டாக்டர் தமிழ்ப் பெண். பெயர் மாலதி, ஊர் தைப்பிங். படத்தைக் காட்டி, என் மூளையின் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது என்றார். எப்போதோ சின்ன ரத்த அடைப்பு வந்து எனக்கே தெரியாமல் போயிருக்கிறதாம். அந்த இடத்திலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, கட்டிப்பால் நாற்றமும் அங்கிருந்துதான் வருகிறது, வெளியே நாற்றம் எதுவும் இல்லை, அதுவே வலிப்பின் ஆரம்பம் என்றார். முடிச்சு விழுந்த மரம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கையில் சாவி வைப்பதால் பயனில்லை, ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அது போதும் என்றும் சொன்னார்.

பிறகு ஒரு காகிதத்தைத் திருப்பிப் படம் போட்டார். மற்றவர்களுக்குப் போடுவாரோ என்னவோ, நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் எனக்குப் போட்டார். மூளையில் நரம்பு அணு ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை. அறைக்குள்ளே பொட்டாசியம் நிறைய இருக்கிறது. வெளியே சோடியம், சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே அது, நிறைய இருக்கிறது. சுவரில் இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. சோடியக் கதவு திறந்தால் சோடியம் உள்ளே பாயும், அணு ஒரு பொறி கக்கும், சேதி அடுத்த அணுவுக்குப் போகும். உடனே பொட்டாசியக் கதவு திறந்து பொட்டாசியம் வெளியே போகும், அணு அடங்கும். இந்த உப்புகள் போய்வருவதுதான் மூளையில் ஓடும் கரண்டு. பொட்டாசியக் கதவு சரியாகத் திறக்காவிட்டால் அணுவுக்கு அடங்கத் தெரியாது, பொறி கக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்து அணுக்களையும் கிளப்பிவிடும். ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பொறி கக்கினால் அதுதான் வலிப்பு.

எனக்கு இது உடனே விளங்கியது. தோட்டத்தில் பால் நிறுவைக் கொட்டாய்க்கு உள்ளே போக ஒரு கேட், நிறுத்துவிட்டு வெளியே வர ஒரு கேட். வெளிக் கேட் சிக்கிக்கொண்டால் வாளியோடு உள்ளே நிற்கும் கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் இடிக்கும், ஒருத்தி கத்தினால் எல்லோரும் கத்துவார்கள். டாக்டரிடம் சொன்னேன். அதை எழுதி வைத்துக்கொண்டார்.

ஆனால் பொட்டாசியம் என்ற பெயர்தான் எனக்கு உறுத்தியது. செம்பனைக்கு நான் ஒன்பது வருடம் போட்ட உரத்துக்கு மூட்டை மேல் பொட்டாஷ் என்றுதான் போட்டிருக்கும். ரோஸ் நிறத்தில் உப்புக்கல் மாதிரி இருக்கும், விரலில் கீறல் இருந்தால் எரியும்.

"டாக்டர், அந்த உரமா என் மூளைக்குள்ள இருக்கு?"

"அதேதாம்மா. மூட்டையில வேற ஒன்னோட சேர்ந்திருக்கும், மத்தபடி பொட்டாசியம் பொட்டாசியம்தான்."

மருந்துகளில் சில சோடியக் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி திறக்காமல் பார்த்துக்கொள்ளும், சில பொட்டாசியக் கதவைத் திறக்க உதவும், சில இரண்டையும் தொடும், எது எவ்வளவு என்று பெரிய டாக்டர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்றார். பொட்டாசியக் கதவுக்கென்றே முன்பு ஒரு மருந்து வந்ததாம். நன்றாகத்தான் வேலை செய்ததாம், ஆனால் நாள்பட்டால் நகம், உதடு, தோல் எல்லாம் நீலம் பூத்துப்போனதால் நிறுத்திவிட்டார்களாம்.

"நீலமா? பெருமாள் நிறத்துக்கா?" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்குக் கொடுத்தது ஃபெனிட்டாயின், சோடியக் கதவைப் பிடிக்கும் வகை. கூட்டுக்குள் தூள் அடைத்த மாத்திரை, கேப்சூல் என்பார்கள். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. கதிரவன் ஒரு நிபந்தனை போட்டான். இன்னொரு தடவை வலிப்பு வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஷா ஆலாமுக்கு வந்துவிடவேண்டும். நான் சரி என்றேன். ஐந்தாறு மாதம் ஒரு வேளை தப்பாமல் சாப்பிட்டேன். வலிப்பும் வரவில்லை, நாற்றமும் வரவில்லை.

புரட்டாசி வந்தது. புரட்டாசி முழுக்க நான் சைவம். முதல் சனிக்கிழமை பகலில் பக்கத்து வீட்டு மகேஸ் துளசி கேட்டு வந்தவள், மேசைமேல் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத சங்கதி எங்கள் தாமான் குடியிருப்பில் கிடையாது.

"அக்கா, இந்தக் கூடு எதுல செய்றாங்க தெரியுமாலா? மாட்டுத் தோலு, மாட்டெலும்புலேர்ந்து எடுக்குறது. என் மக போன்ல காட்டுச்சு."

பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி என் வீட்டு வாசலுக்குள் வந்ததில்லை. ஐந்தாறு மாதமாக நாளுக்கு மூன்று என்று விழுங்கியிருக்கிறேன். அதுவும் புரட்டாசியில். டப்பாவை மூடி எட்ட வைத்தேன். ஆனால் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் தெரியும். நிறுத்தக்கூடாது, விழுங்கவும் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டேன், அப்போது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. கூட்டை மெதுவாகத் திருகினால் இரண்டாகப் பிரியும். தூளை டம்ளரில் தட்டிக்கொண்டு கூட்டை எடுத்துவிட்டேன். வெறும் தண்ணீரில் கலக்காமல் இளநீரில் கலக்கினேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய என்று அதே மகேஸ்தான் சொன்னாள், வீட்டுக்குப் பின்னால் குட்டைத் தென்னை இருக்கிறது. டாக்டர் சொன்ன பொட்டாசியமும் சேர்ந்து உள்ளே போகட்டும் என்று என் கணக்கு. குடித்துவிட்டு அடியில் தங்கும் வெள்ளை வண்டலைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

கூடுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மாடு அல்லவா, எப்படிப் போடுவது? இரண்டு பாதியையும் திரும்பப் பொருத்தி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். புரட்டாசி முடிந்ததும் நல்ல இடமாகப் பார்த்து மண்ணில் புதைக்கலாம் என்று எண்ணம்.

பத்து நாளில் கட்டிப்பால் நாற்றம் திரும்ப வந்தது. வந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. கதிரவன் போனில் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. படிக்கிறவர்கள் யாரும் அப்படிச் செய்யவேண்டாம்.

மூன்றாம் சனி காலை மருந்தைக் குடித்துவிட்டுப் பெருமாளுக்குப் படையல் போட இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகேஸ் வந்து பார்த்தபோது சமையலறைத் தரையில் கிடந்தேனாம். ஆம்புலன்சில் இன்னொரு முறை வந்ததாம். கையில் ஊசி குத்தி டிரிப்பில் மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். எனக்குத் தெளிவு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கதிரவன் கட்டில் பக்கத்தில் நின்றான். செமோருக்குப் போய் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். சாவி அவன் கால்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. மற்ற எல்லாம் மங்கலாக இருந்த அந்த நேரத்தில் அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு விஷயம் டாக்டருக்குப் புரியவில்லை. மருந்து ரத்தத்தில் இருக்கவேண்டிய அளவுக்கு ரொம்பக் கீழே இருந்தது. பொட்டாசியம் மேலே ஏறியிருந்தது. மாத்திரை மறந்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு வேளை, இரண்டு வேளை? ஒரு வேளைகூட இல்லை என்றேன். டாக்டர் கதிரவனைப் பார்த்தார், கதிரவன் டாக்டரைப் பார்த்தான். வயசானவர்களின் தலைக்கு மேலே போகும் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மாமியார் விஷயத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்கு மறதி வந்துருச்சுபோல டாக்டர்," என்றான். "தனியா விட்டது என் தப்பு."

வலிப்பு வந்ததைவிட இது எனக்கு வலித்தது. இருபத்தாறு வருடம் விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, ஒரு நாள் பிந்தியதில்லை. என்னையா மறதிக்காரி என்பது? வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? கூட்டைப் பிரித்து மாட்டை எடுத்துவிட்டு இளநீரில் கலக்கிக் குடித்தேன் என்றா? படித்த டாக்டர் முன்னால், மகன் முன்னால்? மறதிக்காரி என்றால் வீடு போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும், அதற்குப் பிறகும் வீடு கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறதிப் பரிசோதனை வைத்தார்கள். இன்று என்ன தேதி என்றார் டாக்டர். இங்கிலீஷ் தேதியும் சொல்லி, புரட்டாசி இருபது என்றும் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஆரம்பித்தேன். போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. இரண்டு வரைக்கும் வந்துதான் நிறுத்தினேன். மிஸ்ஸி கைதட்டினாள். ஆனால் கதிரவன் வராந்தாவில் பெண்டாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் பிள்ளைகளின் அறையைத் தயார் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தான். போனை என்னிடம் கொடுத்தான். மருமகள், கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன் அத்தை, உங்களுக்குக் காற்று வேண்டுமே என்றாள். தங்கமான பெண். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை டிரிப்பை எடுத்துவிட்டு, தட்டில் வாய்மருந்து வந்தது. அதே கேப்சூல். நான் அதைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மா என்னைக் காப்பாற்றினார். என் வயதுதான் இருக்கும், தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கும் தட்டில் ஏதோ ஒரு கேப்சூல். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது ஹலாலா என்று வார்டே கேட்கும்படி மிஸ்ஸியைக் கேட்டார்.

"மிஸ்ஸி, கப்சூல் இனி ஹலால் கே?"

மிஸ்ஸி சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை. பெட்டியின் பெயரைப் படித்து, போனில் மருந்துப் பிரிவைக் கேட்டு, திரும்பி வந்து, ஹலால்தான் மக்சிக், பன்றி இல்லை, லெம்பு, அதாவது மாடு என்றாள். அந்தம்மா நிம்மதியாகப் பிஸ்மில்லா சொல்லி விழுங்கினார். என் கைக்குள் இருந்த மாட்டை நான் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. இதைக் கேட்கலாம். கூச்சப்படாமல், நாலு பேர் கேட்கக் கேட்கலாம். நான் முதல் சனிக்கிழமையே போன் போட்டுக் கேட்டிருந்தால் இங்கே படுத்திருக்கமாட்டேன்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் டாக்டர் வந்தார். கதிரவனும் இருந்தான். கையை விரித்தேன். கேப்சூல் வியர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்தது.

"டாக்டர், நான் மறக்கல. இதைத் தொறந்து தூளை எடுத்து இளநீர்ல கலக்கிக் குடிச்சேன். கூடு மாடு. புரட்டாசி மாசம். எம்மேல தப்புதான், ஆனா மறதி இல்ல."

கதிரவன் கேப்சூலைக் குனிந்து பார்த்தான். அப்புறம், "அம்மா, சும்மா சொல்லாதீங்கலா," என்றான் மெதுவாக. ஷா ஆலாமுக்கு வராமலிருக்கக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தான்.

"உன் பையில சாவி இருக்கில்ல? போய் வீட்டத் தொற. சாமி மேடைக்குக் கீழ பிஸ்கட் டின்னு. கொண்டா."

செமோருக்குப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போனான். வந்தான். டாக்டரையும் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையை என் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து டின்னைக் கவிழ்த்தான். வெறுங்கூடுகள் உருண்டு ஓடின. டாக்டர் ஒரு கையால் தடுத்துப் பிடித்தார். எண்ணினான். நாற்பத்திரண்டு. நான் அவனைப் பார்த்துச் சொன்னேன்: முதல் சனி சாயங்காலம் இரண்டு, மறுநாளிலிருந்து பதின்மூன்று நாளுக்கு முப்பத்தொன்பது, மூன்றாம் சனி காலையில் ஒன்று. எத்தனை வருகிறது?

அவன் மறுபடி எண்ணினான். இரண்டிரண்டாக நகர்த்தி எண்ணினான். நாற்பத்திரண்டுதான். ஒன்றுகூடக் குறையவில்லை.

டாக்டர் ஒரு கூட்டை எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். இந்தத் தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும் என்றார். நான் குடித்தது பெரும்பாலும் இளநீர். மருந்தைக் குடித்தது கறிவேப்பிலைச் செடி.

"உங்க செடிக்கு வலிப்பே வராதும்மா," என்றார். கதிரவனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பிறகு டாக்டர் பொட்டாசிய விஷயத்துக்கு வந்தார். இங்கே குரல் கண்டிப்பானது. பொட்டாசியத்தை நிறைய உள்ளே தள்ளினால் கதவு திறக்காது என்றார். ரத்தத்தில் அது கூடினால் நரம்பு அணுவைச் சுற்றிக் கூடலாம். அறைக்குள் இருப்பது வெளியே போகவேண்டும், வெளியிலேயும் கூட்டம் நின்றால் எங்கே போகும்? அணு அடங்காது. அதற்கும் மேல், நான் சாப்பிடும் ரத்தக்கொதிப்பு மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கிற வகை. அதோடு தினம் இரண்டு வேளை இளநீர் குடித்தால் இதயமே நின்றுபோகலாம். எனக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. செம்பனை அடியில் பொட்டாஷை ஒரே இடத்தில் குவித்தால் வேர் கருகிவிடும், வட்டமாகத் தூவவேண்டும் என்று புதிதாக வந்த பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் உடம்புக்கு மட்டும் மூட்டையைக் குவித்திருக்கிறேன்.

வேறு மருந்து எழுதினார். லெவெடிரசெட்டம். கூடு கிடையாது, அமுக்கிய மாத்திரை. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதியைக் கைமாற்றும் இடத்தில் இது வேலை செய்யும், பொட்டாசியக் கதவையும் கொஞ்சம் தொடுகிறது என்று ஆராய்ச்சி செய்பவர்கள் சிலர் சொல்கிறார்கள், அது எவ்வளவு பெரிது என்று தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மாத்திரையில் மாட்டுச் சங்கதி எதுவும் இல்லை என்று மருந்துப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கியும் கொடுத்தார்.

"டாக்டர், அம்மா தனியா இருக்கலாமா?" என்று கதிரவன் கேட்டான்.

டாக்டர் மேசையில் கிடந்த கூடுகளைப் பார்த்தார். "பதினாலு நாள் ஒரு வேளை தப்பல. இவ்வளவு ஒழுங்கா மருந்து சாப்பிடுறவங்க எனக்கு ரொம்பப் பேர் கெடையாது. அடுப்படியில கவனமா இருக்கணும், குளியலறைய உள்ள தாப்பா போடக்கூடாது, நாத்தம் வந்தா உடனே சொல்லணும். சொல்வீங்களாம்மா?"

சொல்வேன் என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பேரிலும் சொல்வேன் என்றேன்.

கதிரவன் கூடுகளை ஒவ்வொன்றாக டின்னில் போட்டான். மூடியை அழுத்தினான். பிறகு கால்சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டான். பாசாரில் விழுந்தபோது யாரோ வைத்ததும் இதே சாவிதான். அன்று எனக்கு அது கையில் இருப்பதே தெரியவில்லை. இன்று அதன் பல்லு ஒவ்வொன்றும் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன், என் வீட்டுக்கு. புது மருந்து முதல் இரண்டு வாரம் எரிச்சலை மூட்டும், கோபம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறேனோ என்று மகேஸைக் கேட்டேன். நீங்க எப்பவும் அப்படித்தானேக்கா, வித்தியாசம் ஒன்னும் தெரியலியே என்றாள். இளநீரை நிறுத்தினேன். கூடுகளைக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டை மட்டும் டாக்டர் மாலதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், பயிற்சி டாக்டர்களுக்குக் காட்டவேண்டுமாம்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது, மருந்துப் பிரிவிலிருக்கும் சீனப் பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து என்னிடம் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்தார். மலாயிலும் சீனத்திலும் எழுதிவிட்டோம் ஆண்ட்டி, தமிழில் நீங்கள் எழுதுங்கள் என்று மலாயில் சொன்னார். வேறு படித்தவர்கள் இல்லையா என்றேன். இது ஆண்ட்டி எழுதவேண்டியது என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் எழுதினேன். நாலாம் வகுப்பு எழுத்துதான். ஆனால் குண்டு குண்டாக, தூரத்திலிருந்து படிக்கலாம்.

இந்த வருடம் புரட்டாசி முதல் சனி போனது, மூன்றாம் சனியும் போனது. பெருமாளுக்கு இலை போட்டேன், விழவில்லை. ஒரு வருடத்தில் கட்டிப்பால் நாற்றம் ஒரு தரம்கூட வரவில்லை. கதிரவன் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஷா ஆலாம் பேச்சை எடுக்கவில்லை. மருமகள் மட்டும், ஜன்னல் பக்கக் கட்டில் அப்படியேதான் இருக்கிறது அத்தை, பள்ளி விடுமுறைக்கு வாங்க என்றாள். விருந்தாளியாக வருகிறேன் என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது, இதே மருந்து தொடரட்டும் என்றார். மருந்து ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண், முப்பது முப்பத்தைந்து இருக்கும், நெற்றியில் நாமம், கையில் மருந்துச் சீட்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை அண்ணாந்து பார்த்தாள். உதட்டை அசைத்துப் படித்தாள்.

'கூடு மாத்திரை எதில் செய்தது என்று சந்தேகமா? கூச்சப்படாமல் கேளுங்கள். பிரிக்காதீர்கள்.'

இரண்டு தரம் படித்தாள். சீட்டை மடித்தாள், விரித்தாள். அவளுடைய எண்ணைக் கூப்பிட்டதும் ஜன்னலுக்குள் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

எங்கப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய் என் மாத்திரையை வாங்கிக்கொண்டேன். பஸ் பிடித்துச் செமோரில் இறங்கி, நடந்து வந்து, என் வீட்டுக் கதவை நானே திறந்தேன்.